தெலுக் ஆயிர் தாவார் கரையில் பறவைக் கணக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் பெருநிலப் பக்கத்தில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயிர் தாவாரில் தொடங்கி கெடா எல்லையில் இருக்கும் மூடா ஆறு வரை ஒரே சேற்றுக் கரை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே போய் வலசைப் பறவைகளை எண்ணுகிறோம். எங்களோடு வர நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். காலில் வளையமும் கொடியும் உள்ள பறவைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதற்குத்தான் இங்கேயும் அதிக இடம்.

மலேசியாவில்தான் வசந்த காலமே இல்லையே, ஏன் மார்ச், ஏப்ரலைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறீர்கள்?

நமக்கு வெயிலும் மழையும்தான். ஆனால் இந்தப் பறவைகள் பார்ப்பது வடக்கின் நாட்காட்டியை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் பனி உருகி, பூச்சிகள் கிளம்பும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால், நம் பங்குனி, சித்திரையில் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

எனக்கு ஆண்டில் மிகப் பிடித்த காலமும் இதுதான். ஜனவரியில் இதே கரையில் நின்றால் எல்லாப் பறவையும் ஒரே சாம்பல் நிறம். புதிதாக வருபவர்கள் அரை மணி நேரத்தில் சோர்ந்துபோகிறார்கள். மார்ச் கடைசியில் வந்து பாருங்கள். வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிற இறகுகள் திட்டுத் திட்டாக முளைத்திருக்கும். மணல் உப்புக்கொத்திக்கு நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை ஏறியிருக்கும். ஒரே கூட்டத்தில் பாதி மாறியது, முழுதாக மாறியது, இன்னும் மாறாதது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் மேயும்.

இவ்வளவு சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?

புழு, சின்ன நண்டு, சிப்பி, நத்தை. மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் ஓதம் வற்றினால் சேறு வெகுதூரம் வெளியே தெரியும். அலைவேகம் குறைவு, ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கர்லூ எனும் பெரிய கரைப்பறவை தன் நீளமான வளைந்த மூக்கை அடிவரை செருகி நண்டை இழுக்கிறது. உப்புக்கொத்திக்குக் குட்டை மூக்கு. அது கண்ணால் பார்த்து, நாலடி ஓடி, கொத்திவிட்டு நிற்கும். உள்ளான்களின் மூக்கு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத இரையை அவை அப்படித்தான் கண்டுபிடிக்கின்றன. இந்த வேறுபாட்டால்தான் இத்தனை இனங்கள் ஒரே இடத்தில் சண்டையில்லாமல் மேய முடிகிறது.

பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு இந்தக் கரையை உலகின் முக்கியப் பறவை இடங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் நார்ட்மன் பச்சைக்கால் உள்ளான் இங்கே வருகிறது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலகத்தில் மொத்தமாகவே 2000க்கும் குறைவாக மிஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் பறவை அது. ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலோரத்தில், மற்ற பெரும்பாலான உள்ளான்களைப் போலத் தரையில் மட்டும் என்றில்லாமல் மரத்திலும் கூடு கட்டுகிறது.

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ஓத அட்டவணையைப் பாருங்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும், அடுத்த நாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். நன்றாக வற்றியிருக்கும்போது பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். அப்போது வந்தால் புள்ளிகளை எண்ணுவதுதான் மிச்சம். கடல் ஏற ஏறத் தண்ணீர் அவற்றைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் தானாக உங்களை நோக்கி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம், சேறு சீக்கிரம் மூழ்கிவிடும்.

இந்தக் கரை மேற்கு பார்த்தது. காலை ஏற்றம் கிடைத்தால் வெயில் நம் முதுகில் விழும், பறவை மேல் நல்ல வெளிச்சம். மாலையில் எதிரே பினாங்குத் தீவின் மலைகள் அழகாக இருக்கும், ஆனால் கண்கூச்சத்தில் கொடியின் நிறம் தெரியாது. இருந்தாலும் ஏப்ரலில் ஒரு மாலையாவது வரச் சொல்வேன். வலசை கிளம்பும் கூட்டங்கள் பெரும்பாலும் பின்மாலையில்தான் எழும்பும். மேயும் இடம் மாறும் கூட்டம் தாழ்வாகப் பறந்து சற்றுத் தள்ளி இறங்கிவிடும். கிளம்பும் கூட்டமோ விடாமல் கத்திக்கொண்டே மேலே மேலே ஏறி, வரிசை பிடித்து வடக்கே திரும்பும், இறங்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபக் விரிகுடாவில் 1988 முதல் இயங்கும் புரூம் பறவை ஆய்வகத்தில் இதே மார்ச், ஏப்ரலில் கரையில் உட்கார்ந்து, கிளம்பும் கூட்டங்களை மாலைதோறும் எண்ணுகிறார்கள். இங்கே நாங்களும் நேரம், இனம், எண்ணிக்கை, திசை என்று நான்கையும் குறித்துக்கொள்கிறோம்.

ஆயிரக்கணக்கான பறவைகளை எப்படி எண்ண முடியும்?

ஒவ்வொன்றாக எண்ணுவது சின்னக் கூட்டத்துக்குத்தான். பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்படியே பத்துப் பத்தாக நகர்ந்தால் நூறு எவ்வளவு என்பது பிடிபடும். பிறகு நூறு நூறாக நகரலாம். ஒருவர் ஸ்கோப் எனும் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேர் எண்ணினால் முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவரிடம் சொல்லக்கூடாது. கேட்டுவிட்டால் நம் எண் தானாக அந்தப் பக்கம் சாயும். இரண்டும் வெகுவாக மாறுபட்டால் இன்னொரு முறை எண்ணுவோம்.

எதிர்பார்த்த இனம் வரவில்லை என்றாலும் எழுத வேண்டும். "இன்றைக்கு ஒன்றுமில்லை" என்ற வரியும் கணக்கில் சேர்ந்ததுதான். ஆசியா முழுவதும் 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பயன்படுவதே, நல்ல நாள் கெட்ட நாள் என்று பார்க்காமல் எல்லா எண்ணையும் எழுதி வைப்பதால்தான்.

பறவைக்கு எப்படி வளையம் மாட்டுகிறார்கள்? எங்கள் கண் முன்னால் செய்து காட்டுவீர்களா?

எங்கள் கணக்கெடுப்பு நாளில் பறவை பிடிப்பதில்லை. அனுமதியும் பயிற்சியும் உள்ள ஆய்வாளர்கள் செய்யும் வேலை அது. ஒரு குழுவோடு இரவில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததைச் சொல்கிறேன்.

நிலா இல்லாத இரவு, ஓதம் ஏறும் நேரம். பறவைகள் ஒதுங்கும் நீர்நிலையின் குறுக்கே மிஸ்ட் நெட் எனும் மெல்லிய நைலான் வலையைக் கம்புகளுக்கிடையே கட்டியிருந்தார்கள். வலையில் தளர்வான மடிப்புகள் வரிசையாக இருக்கும். வந்து மோதும் பறவை மடிப்புக்குள் விழுந்து, தொட்டிலில் கிடப்பது போல் கிடக்கும். அடிக்கடி போய்ப் பார்த்து உடனே எடுத்துவிட வேண்டும். கொக்கோ நாயோ முந்திக்கொள்ளக் கூடாது. எடுத்ததும் துணிப்பையிலோ மூடிய கூடையிலோ வைப்பார்கள். இருட்டாக இருந்தால் பறவை அடங்கிவிடும்.

கையாள்பவர் பறவையின் முதுகைத் தன் உள்ளங்கையில் படியவிட்டு, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வரும்படி பிடிக்கிறார். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. அப்புறம் வளையம். காலின் பருமனுக்கு ஏற்ப அளவுகள் உண்டு. இடுக்கியின் வாயிலேயே வளைய அளவுக்குத் துளை இருக்கிறது. இரு முனையும் இடைவெளியில்லாமல் முட்டும்வரை அழுத்திவிட்டு, வளையத்தை விரலால் சுற்றிப் பார்க்கிறார்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், காலை விட்டுக் கழன்றுவிடவும் கூடாது. கடல்நீர் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் கரைப்பறவைகளுக்குக் கெட்டியான உலோகக் கலவை. அதில் ஒரு எண்ணும், வளையம் வழங்கிய அமைப்பின் முகவரியும் பொறித்திருக்கும்.

பிறகு சிறகின் நீளம், மூக்கின் நீளம், எந்த இறகு விழுந்து எது முளைக்கிறது என்ற விவரம், கடைசியில் எடை. பறவையைத் தலைகீழாக ஒரு குழாய்க்குள் நழுவவிட்டுத் தராசில் வைத்தார்கள். அது அசையாமல் இருந்தது. அதன் பிறகு ஒருவர் வயிற்றில் மெதுவாக ஊதினார். இறகு விலகி, மெல்லிய தோலுக்கு அடியில் வெண்ணெய் மஞ்சளில் கொழுப்பு தெரிந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கான எரிபொருள் முழுக்க அதுதான்.

இதெல்லாம் பறவைக்கு வதை இல்லையா?

பெரியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிடிபடும் பறவை பயப்படுகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அதனால்தான் கையில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறார்கள். மூச்சு வாங்கினாலோ கண் சொருகினாலோ அளவெடுப்பதை அப்படியே நிறுத்திவிட்டுப் பறக்க விடுகிறார்கள். வளையத்தின் எடை பறவைக்குப் பொருட்டில்லை. முதுகில் பொருத்தும் கருவிகளுக்கு உடல் எடையில் சுமார் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பரவலான கட்டுப்பாடு.

வளையம் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பறவைகளின் வாழ்க்கை நமக்குத் தெரிந்திருக்காது. 1899இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் எனும் பள்ளி ஆசிரியர் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டியதில் இந்த வேலை முறையாகத் தொடங்கியது. நம் பக்கத்தில் 1963 முதல் 1971 வரை எலியட் மெக்ளூர் தலைமையில் கிழக்கு ஆசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையமிட்டார்கள். வலசைப் பறவைகளோடு நோய்கள் பயணிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். மலாயாவில் தகைவிலான்களுக்கு நிறைய வளையமிட்டார்கள். மாலையானால் நம் ஊர்களின் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமருமே, அதே பறவைதான்.

ஆயுளும் வளையத்தால்தான் தெரிகிறது. 1995இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் வளையமிட்ட சிவப்பு நாட் எனும் ஒரு கரைப்பறவையின் கொடி எண் பி95. அதை 2014 வரை பார்த்திருக்கிறார்கள். 20 வயதுக்குக் குறையாத பறவை, ஆண்டுக்கு இருமுறை பூமியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு.

பறவையின் காலில் கலர் கொடி தெரிந்தது. அது என்ன?

உலோக வளையத்தின் எண்ணைப் படிக்கப் பறவை கையில் இருக்க வேண்டும். தூரத்திலிருந்தே அடையாளம் காண்பதற்காகக் காலில் சிறு பிளாஸ்டிக் கொடி கட்டுகிறார்கள். கிழக்கு ஆசிய ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் 22 நாடுகள் இருக்கின்றன. எந்த இடம் எந்த நிறத்தைக் கட்ட வேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடு உண்டு. வடமேற்கு ஆஸ்திரேலியா என்றால் மஞ்சள். விக்டோரியா மாநிலம் என்றால் ஆரஞ்சு. மேலே கருப்பு, கீழே வெள்ளை என்றால் ஷாங்காய்க்குப் பக்கத்துச் சோங்மிங் தீவு. மேலே வெள்ளை, கீழே மஞ்சள் என்றால் ஹாங்காங். தாய்லாந்து வளைகுடாவில் கட்டுவது கருப்புக்குக் கீழே பச்சை. ஆகவே இரண்டு கொடி இருந்தால் எது மேலே எது கீழே என்பதைத் தவறாமல் பாருங்கள், மாற்றிச் சொன்னால் பறவை வேறு நாட்டுக்குப் போய்விடும். பழைய கொடி வெயிலில் வெளுத்தும் இருக்கும். சில கொடிகளில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அதைப் படிக்க முடிந்தால் அந்தத் தனிப் பறவையையே கண்டுபிடித்துவிட்டோம்.

கொடியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

இனம், நிறம், வலது காலா இடது காலா, முட்டிக்கு மேலேயா கீழேயா, எழுத்து, இடம், தேதி, நேரம். முடிந்தால் ஒரு படம், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. குழுவில் யாரிடமாவது கொடுத்தால் உரியவர்களுக்கு அனுப்பிவிடுவோம். ஐயமாக இருந்தால் "ஐயம்" என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். கட்டியவர்களுக்கு நாம் அனுப்பும் அந்த ஒரு வரிதான் பலன். யாரும் பார்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பறவையைப் பிடித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

நாங்களே வலை வாங்கிக் கட்டிப் பார்க்கலாமா?

கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம்.

உண்மையிலேயே நிற்காமல் அவ்வளவு தூரம் பறக்குமா?

பறக்கிறது. நம் கரைக்கும் வரும் பட்டைவால் மூக்கன் இனத்தில் ஒரு பெண் பறவை, அடையாளம் ஈ7. 2007இல் அதற்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். நியூசிலாந்திலிருந்து கிளம்பி, சுமார் 10,300 கிலோமீட்டர் நிற்காமல் பறந்து, சீனாவின் யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே தின்று தேறி அலாஸ்கா போனது. திரும்பும்போது அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு சுமார் 11,680 கிலோமீட்டர், எட்டு நாட்கள், இடையில் கடலைத் தவிர வேறு எதுவும் இல்லை. 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் ஒரே மூச்சில் கடந்தது.

இந்தப் பறவைகள் நீண்ட பயணத்துக்கு முன் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். கிளம்பும் நேரத்தில் குடலும் இரைப்பையும் ஈரலும் சுருங்கிவிடும், பாரம் குறைய வேண்டுமே. போய் இறங்கியதும் உடனே இரை கிடைக்கும் சேறு இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

முன்பைவிட இப்போது குறைந்துவிட்டனவா?

சில இனங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பலரும் நம் ஊர்க் கரையில் மட்டும் காரணத்தைத் தேடுகிறார்கள். நம் பங்கும் உண்டு. ஆனால் பெரிய அடி விழுந்தது, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் கடலில். அங்கே ஐம்பது ஆண்டுகளில் சேற்றுவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தென்கொரியாவின் சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடல்சுவரை 2006இல் கட்டி மூடினார்கள். அங்கே இறங்கி இரை தேடிய கிரேட் நாட் பறவைகள் பக்கத்துக் கரைகளுக்கு இடம் மாறியிருக்கும் என்று நம்பினார்கள். மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் எடுத்த எண்ணிக்கையிலேயே சரிவு தெரிந்தது. 2015இல் கிரேட் நாட்டும் தூரகிழக்குக் கர்லூவும் அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறின. 2019இல் சீனாவின் பக்கத்துச் சேற்றுவெளிகளில் ஒரு பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு உதவிய ஆதாரங்களில் இத்தனை நாடுகளில் தன்னார்வலர்கள் எண்ணிய எண்களும், கொடி பார்த்து எழுதிய வரிகளும் உண்டு.

கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்.

வசந்த காலத்தில் இங்கே நிற்கும் பறவைக்கு ஒவ்வொரு மணி நேரமும் இரைக்கான நேரம். ஓதம் ஏறிவிட்டால் மேய இடம் இல்லை. ஒருவர் படத்துக்காக நாலடி முன்னே போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், அவை கடல்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காலையிலிருந்து சேர்த்த கொழுப்பு அந்தச் சுற்றில் எரிகிறது. அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒரு நாய், அதற்கடுத்து டிரோன் என்று போனால், அந்தப் பறவை மெலிந்த உடம்போடு கிளம்பும், அல்லது தாமதமாகக் கிளம்பும்.

பறவை முன்கூட்டியே சொல்லிவிடும். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தும். சிதறி நின்றவை நெருங்கி நிற்கும். நமக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கும். முதல் அடையாளத்திலேயே நின்றுவிடுங்கள், இரண்டாவதில் பின்வாங்குங்கள். உட்கார்ந்தபடி ஓதத்துக்குக் காத்திருந்தால் பறவையே கிட்ட வரும். ஒரு நாள் முழுக்க ஒரு கூட்டத்தையும் கிளப்பாமல் எண்ணி முடிப்பவரைத்தான் நான் நல்ல எண்ணிக்கையாளர் என்பேன், இனம் எத்தனை தெரியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

தாராளமாக. தொப்பி, தண்ணீர், பைனாகுலர் இருந்தால் அது. பளிச்சென்ற சட்டை வேண்டாம். பசியாறிவிட்டு வாருங்கள், கரையில் கடை கிடையாது. சேற்றில் இறங்கவே கூடாது. முழங்கால்வரை இழுக்கும், கடல் ஏறுவதும் நாம் நினைப்பதைவிட வேகம். மீனவர்களின் படகுத்துறை வழியாகப் போகும்போது அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். எந்தக் கூட்டம் எங்கே ஒதுங்கும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கழுகு, பருந்து வலசையும் இங்கே பார்க்கலாமா?

அதற்கு தஞ்சோங் துவான் போங்கள். போர்ட் டிக்சன் பக்கத்தில், கலங்கரை விளக்கம் உள்ள முனை. பருந்துகள் சூடான காற்றின் மேல் மிதந்து ஏறுபவை. கடல்மேல் அந்தக் காற்று எழாது. அதனால் சுமத்ராவிலிருந்து நீரிணை குறுகலான இடமாகப் பார்த்துக் கடந்து, அந்த முனையில் வந்து சேர்கின்றன. மார்ச்சில் முற்பகலில் போனால், இறக்கையடித்துக் களைத்த தேன்பருந்துகள் மரத்தை உரசுவது போல் தாழ்வாக வருவதைப் பார்க்கலாம். மலேசிய இயற்கைக் கழகம் அங்கே பல ஆண்டுகளாக எண்ணி வருகிறது.

செத்த பறவையின் காலில் வளையம் இருந்தால்?

வெறும் கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு. வளையத்தின் எல்லா எழுத்தும் தெரியும்படி படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பெர்ஹிலித்தானிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

மே, ஜூன் மாதத்திலும் சில பறவைகள் நிற்கின்றனவே, வழி தவறியவையா?

இல்லை. பெரும்பாலும் போன ஆண்டு பிறந்த இளம் பறவைகள். பெரிய கரைப்பறவைகள் பலவற்றுக்கு முதல் ஆண்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் வயது வராது. கர்லூ போன்றவை இரண்டு மூன்று ஆண்டுகள்கூட வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அவற்றின் சிறகிறகு தேய்ந்து, சாம்பல் நிறம் மாறாமல் இருக்கும். ஜூனில் இவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால், போன ஆண்டு வடக்கே குஞ்சுகள் எவ்வளவு தேறின என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். அதனால் அந்த மாதமும் ஒரு நாள் எண்ணப் போகிறோம். கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்கலாம், புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்ல நாள்.